பைபாஸ் போர்டில் என் முகம்

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள் அக்கா. அந்தக் கதவு எனக்குத் தெரிய வேண்டும். உள்ளே ஏட்டையா இருக்கிறார். என் வீட்டுக்காரரிடம் வாக்குமூலம் எழுதுகிறார். "நீ வெளிய இரும்மா, முடிச்சிட்டு வர்றேன்" என்று என்னை அனுப்பிவிட்டார். பெண்டாட்டியை எதற்கு வெளியே அனுப்ப வேண்டும்? கஞ்சி கரைத்து ஊற்றியவள் நான், உடம்பு துடைத்துவிட்டவள் நான். எழுதும்போது மட்டும் நான் வெளியே.

உங்கள் பையனுக்கு என்ன, வண்டியில் விழுந்தானா? கால்தானே, கூடிவிடும், அழாதீர்கள். என் வீட்டுக்காரருக்குத் தாடை, வலது மணிக்கட்டு, தொடை எலும்பு மூன்றும் போனது. பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். முப்பத்தேழு நாள். நேற்றுத்தான் அவிழ்த்தார்கள். அவிழ்த்ததும் பேசுவார் என்று பார்த்தேன். பேசவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இன்று காலையில் ஏட்டையா வந்து நின்றதும்தான், "சொல்றேன்" என்று வாயைத் திறந்தார்.

என்ன சொல்கிறாரோ. ஏணியிலிருந்து விழுந்தார் அக்கா. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். அவர் சொல்வதை வைத்துத்தான் நான் இன்று வீட்டுக்குப் போவதா, உள்ளே போவதா என்பது.

லாரிதான். லாரி போன காற்றில் ஏணி ஆடிவிட்டது. அப்படித்தான் ஏட்டையாவிடம் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் தண்ணீர் லாரி என்றேனாம், அடுத்த தடவை செங்கல் லாரி என்றேனாம். நோட்டைப் புரட்டிக் காட்டுகிறார். "ஏதாச்சும் ஒரு லாரிய முடிவு பண்ணும்மா" என்கிறார். அந்த நேரத்தில் லாரியில் என்ன ஏற்றியிருக்கிறது என்றா பார்ப்பார்கள்? என்னைப் பார்த்தால் கை நீட்டுகிறவள் மாதிரியா இருக்கிறது? இருபத்தாறு வருஷத்தில் அவரை ஏறிட்டுப் பேசியதில்லை. அவர் பேரைக்கூட வாயால் சொன்னதில்லை.

எல்லாம் அந்தக் கேமராத் தம்பியால் வந்தது.

நான் வெங்காயப் பேட்டையில் வேலை பார்க்கிறேன். சின்ன வெங்காயத்தில் தாள் அரிந்து, அழுகலைப் பொறுக்கிப் போடுகிற வேலை. பங்குனியில் ஒரு நாள் அந்தத் தம்பி வந்தது. கௌதமன் என்று பெயர். தாடி வைத்துக்கொண்டு, மூட்டைக்கு நடுவில் குனிந்து, மண்டி போட்டு, எங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. "ஏன் தம்பி, அவளயே எடுக்கறீங்க, நானும்தான் அழுவுறேன்" என்று பக்கத்தில் இருந்த ஜெயக்கொடி கேட்டாள். அவளுக்கு எப்போதும் வாய். வெங்காயப் பேட்டையில் கண்ணில் தண்ணீர் வராமல் யார் இருப்பார்கள்? கமிஷன் கடை முதலாளிக்கே வரும்.

அன்றைக்கு என் நெற்றியில் பொட்டு இல்லை. காலையில் ஓர் அறை விழுந்தது, தெறித்து எங்கேயோ போய்விட்டது. சோற்றில் கல் கிடந்தது, அவர் மேல் தப்பில்லை. இந்தக் காலத்து ஒட்டுப்பொட்டில் பசையே இல்லை அக்கா. முன்பெல்லாம் ஓர் அட்டை வாங்கினால் அறை விழுந்தாலும் நிற்கும். தாலிக்கயிறு வெங்காயத்தில் புரள்கிறது என்று ஜாக்கெட்டுக்குள் விட்டிருந்தேன். பொட்டில்லாமல், தாலி தெரியாமல், கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தம்பிக்கு அதுதான் பிடித்துவிட்டது.

எடுத்து முடித்து ஒரு தாளை நீட்டியது. "அம்மா, இது பொது இடம். கேக்காமலே எடுக்கலாம். ஆனா நாளைக்கு யாராச்சும் விளம்பரத்துக்கு இந்தப் படத்தக் கேட்டா, உங்க சம்மதம் எழுத்துல இருக்கணும். படிச்சுப் பாத்து, இஷ்டம் இருந்தா கையெழுத்துப் போடுங்க."

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் தமிழில் இருந்ததை எழுத்துக் கூட்டி முழுதும் படித்தேன். ஜெயக்கொடிக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே படித்தேன். எந்த இடத்திலும், எந்தக் காலத்திலும், எந்த நோக்கத்துக்காகவும் என்று போட்டிருந்தது.

"நோக்கம்னா என்ன தம்பி?"

"எதுக்கு வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு அர்த்தம். ஆனா உங்களுக்கு அசிங்கம் வர்ற மாதிரி எதுக்கும் குடுக்க மாட்டேம்மா."

"வீட்டுக்காரரக் கேக்கணுமே."

"அவர எதுக்கும்மா கேக்கணும்? முகம் உங்களுதுதானே."

அப்படிச் சொன்னது அந்தப் பையன். முகம் உங்களுடையதுதானே என்று. கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

கீழே இன்னொரு கோடு இருந்தது. சாட்சி என்று. அந்தத் தம்பி அந்தப் பக்கம் மூட்டை தூக்குகிறவரைப் படம் எடுக்கப் போய்விட்டது. எந்தத் தாளிலும் பெண்பிள்ளை பெயருக்குக் கீழே இன்னொரு கோடு இருந்தால் அது புருஷனுக்குத்தானே? ரேஷன் கார்டில் அப்படி, கேஸ் சிலிண்டருக்கு அப்படி, மகள் பள்ளிக்கூடத்தில் அப்படி. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்தை நான்தான் போடுவேன். அவர் பெயிண்டர். "கையில பெயிண்ட் இருக்குல்ல, நீயே போட்டுத் தொலை" என்பார். அவரை விட நான் அவர் கையெழுத்தை நன்றாகப் போடுவேன். அவர் பேரைப் போட்டு, அடியில் அவர் இழுக்கிற மாதிரியே ஒரு கோடும் இழுத்தேன். எழுதினால் பேரைச் சொன்னதாகாது.

ஆடி பிறந்ததும் ஜெயக்கொடி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அடியே தவமணி, பைபாஸ்ல நீ நிக்கிறடி! வீட்டு உசரம் நிக்கிற!"

போய்ப் பார்த்தேன். ஏதோ ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. என் முகம் மட்டும் ஒரு லாரி அகலம். கண்ணில் நின்ற தண்ணீர் குடம் மாதிரி. பக்கத்தில் பெரிய எழுத்து. 'அவர் இன்று இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் நிம்மதி இருக்கிறது.'

அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்றுதான் முதலில் நினைத்தேன் அக்கா. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், படம் நன்றாக இருந்தது. அன்று காலையில் விழுந்த அறையில் கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. போர்டில் அது இல்லை. கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்களாம். வீங்காத முகத்தோடு நான் எப்படி இருப்பேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு பேட்டையிலிருந்து பைபாஸ் சுற்றித்தான் வீட்டுக்கு வருவேன். அங்கே நடைபாதை நன்றாக இருக்கும், அதற்காகத்தான்.

அவரை ஊர்க்காரர்கள் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். டீக்கடையில் போய் நின்றால், "யோவ், செத்தவன் வந்திருக்கான், ஸ்டூல எடுத்துப் போடு" என்கிறான் கடைக்காரன். "உனக்குப் பதினாறு கும்பிட்டாச்சாய்யா? எங்களயெல்லாம் கூப்பிடவே இல்ல?" என்கிறான் இன்னொருத்தன். "அவன் போனப்புறம்தான்யா அவன் பெண்டாட்டி நிம்மதியா இருக்காளாம். போர்டு போட்டுச் சொல்லியிருக்கா." இதெல்லாமாவது சிரிப்பு. புதுவீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் பேசி வைத்திருந்தவர், "பால் காய்ச்சுற வீடு, சகுனம் ஒரு மாதிரி இருக்கு, வேற ஆள வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இந்த ஊரில் அவர் அளவுக்கு உயரத்தில் நின்று அடிக்க ஆள் கிடையாது. கோவில் கோபுரத்துக்கே சுண்ணாம்பு அடித்தவர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவை கால் தவறியதில்லை.

அந்த வேலை போன அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். தலைமுடியைச் சுற்றிப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போனார். பைபாஸ் வரைக்கும். போர்டுக்குக் கீழே மண்டியிட வைத்து, "படி" என்றார். படித்தேன். "சத்தமா படிடி." சத்தமாகப் படித்தேன். "என்னைய உசுரோட எரிச்சிட்டு நிம்மதியா இருக்கியாடி?" என்று இடுப்பிலேயே மிதித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலேயும் நான், கீழேயும் நான். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை போல.

கோபம் வருகிற மனுஷன்தான் அக்கா. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குடிக்க மாட்டார். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கிறது?

மறுநாள் அந்தக் கம்பெனி ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "எவன்டா என்னைய சாகடிச்சவன்?" என்று மேஜையைத் தட்டினார். டை கட்டிய மேனேஜர் ஒருத்தர், மரியாதையாகத்தான் பேசினார். "கோவப்படாதீங்க சார். படம் குடுத்தவர் முறையாச் சம்மதக் கடிதம் வாங்கியிருக்கார்" என்று அந்தத் தாளின் நகலை எடுத்து வைத்தார். "உங்க மனைவி கையெழுத்து. கீழ சாட்சி, உங்க பேரு. நீங்கதான சார்? நீங்களே சாட்சி போட்டுக் குடுத்துட்டு இப்ப வந்து சத்தம் போட்டா எப்படி?"

அந்த ஆபீசில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமா, என் கையெழுத்துதான்" என்றார்.

பார்த்தீர்களா? வெளியிடத்தில் என்னை விட்டுக்கொடுக்கவே மாட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். "எந்தக் கைடி போட்டுச்சு?" என்றார். வலது கையை நீட்டினேன். இந்தச் சுண்டுவிரல் இப்படி வெளியே பார்த்து நிற்கிறதே, அது அன்றைக்கு ஒடிந்தது. கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். ஒரு விரல்தான், மற்றதை விட்டுவிட்டார். பேட்டையில் வேலை பார்க்க வேண்டுமே என்று அவருக்குத் தெரியும்.

நாலு நாள் கழித்து அந்தக் கேமராத் தம்பியே வீட்டுக்கு வந்தது. விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்ததாம். "அம்மா, இப்படி எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. போர்ட எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன், எடுத்துருவாங்க" என்றது. நல்ல பையன்தான். வாசலிலேயே நின்றிருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தது.

அவர் பின்பக்கம் இருந்து ரோலர் கம்பியோடு வந்தார். முதல் அடி தோளில். பையன் கேமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குப்புற விழுந்தது. அவர் முதுகில் அடித்தார், இடுப்பில் அடித்தார். கேமராவைப் பிடுங்கி அம்மிக்கல்லில் போட்டார். "எந்த வெரல்ல அமுக்கின? இதுலயா? இதுலயா?" என்று கையைத் தரையில் வைத்து மிதித்தார். முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம். அந்தப் பிள்ளை "அம்மா, அம்மா" என்று என்னைப் பார்த்துக் கத்தியது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடாதீங்க, நல்லாப் போடுங்க" என்று சொன்னேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. அவன் மேல் எனக்கு என்ன பகை? கை ஓய்ந்து போகட்டும் என்றுதான். அங்கே தீர்ந்துவிட்டால் எனக்கு மிச்சம் இருக்காதே. அன்றைக்கு இருக்கவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அந்தப் பையன் ஒடிந்த மூன்று விரலைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரத்தம் சொட்டச் சொட்ட ஆட்டோவில் ஏறிப் போனது. போலீசுக்குப் போகவில்லை. நல்ல இடத்துப் பிள்ளை.

கம்பெனிக்காரர்கள் இன்றைக்கு, நாளைக்கு என்றார்கள். போர்டு அப்படியே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், "ஏணியத் தூக்கு" என்றார். மூங்கில் ஏணி. முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். இடுப்பில் அரிவாள் செருகியிருந்தார். உச்சி வெயில், பைபாஸில் ஆளே இல்லை. போர்டின் இரும்புக் கம்பியில் ஏணியைச் சாத்தினார். கீழே ஜல்லி கொட்டிக் கிடந்தது. "கெட்டியாப் பிடி. அசைஞ்சிச்சு, எறங்கி வந்து இதே அருவாளாலதான்" என்றார்.

நான் எப்போதும் கெட்டியாகத்தான் பிடிப்பேன். கல்யாணமான புதிதில் அவர் வேலைக்குப் போகும்போது நான்தான் ஏணி பிடிக்கப் போவேன். அவர் எடை எந்தப் படியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

முதலில் எழுத்தைத்தான் வெட்டினார். 'நிம்மதி' கிழிந்து தொங்கியது. சரி, வெட்டட்டும், எழுத்துத்தானே. அப்புறம் இன்னும் இரண்டு படி ஏறினார். நெற்றியில் வெட்டினார். கண்ணில் குத்தி இழுத்தார். பிளக்ஸ் கிழிகிற சத்தம் இருக்கிறதே, புதுச்சேலையைக் கிழிக்கிற மாதிரி. "செத்துப் போடி, செத்துப் போடி" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் சொன்னார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பொம்பளை அவரை ஒன்றுமே செய்யவில்லை அக்கா. சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு தடம்கூடக் கிடையாது. அவர் அரிவாளைக் கழுத்துக்குக் கொண்டுவந்தார். இந்த இடத்தில் வைத்து, அறுக்கிற மாதிரி, இழுத்தார்.

அப்போதுதான் லாரி வந்தது.

வந்தது. காற்று அடித்தது. ஏணி என் கையோடு வந்துவிட்டது.

ஆமாம், என் பக்கம்தான் வந்தது. ரோட்டில் காற்று அடித்தால் போர்டுப் பக்கம்தானே சாய வேண்டும் என்று ஏட்டையா கேட்கிறார். எனக்கு அதெல்லாம் தெரியுமா? என் கை ஏணியில் இருந்தது, ஏணி என் கையோடு வந்தது, அவ்வளவுதான். அவர் ஜல்லியில் முகம் குப்புற விழுந்தார். பல் சிதறியது. நான் ஓடிப்போய்த் தூக்கவில்லை, அது உண்மை. மேலே பார்த்தேன். கழுத்து பாதிதான் கிழிந்திருந்தது. அப்புறம்தான் கத்தினேன். டயர் கடைக்காரர் ஓடி வந்து ஆம்புலன்ஸ் சொன்னார்.

முப்பத்தேழு நாளும் நான்தான் பார்க்கிறேன். குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினேன். மலம் அள்ளினேன். அவர் கண்ணை என் மேலிருந்து எடுப்பதே இல்லை. நான் தண்ணீர் பிடிக்கப் போனால் கண் கூடவே வரும். இன்னும் மூன்று மாதத்தில் பழையபடி நடந்துவிடுவார் என்று பெரிய டாக்டர் சொன்னார். கும்பிட்டேன். சந்தோஷம்தானே அக்கா அது?

உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்குக் கேட்கிறதா? எனக்கு ஒரு காது அவ்வளவாகக் கேட்காது. தள்ளிவிட்டாள் என்று சொல்லியிருப்பாரா? சொன்னால் எத்தனை வருஷம் போடுவார்கள்? கரூரில் இருக்கிற மகளிடம் என்ன சொல்வது? பேட்டையில் ஜெயக்கொடி முகத்தில் எப்படி விழிப்பேன்? நேற்றிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. போலீஸ்காரர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம்.

இருங்கள். கதவு திறக்கிறது.

ஐயா. சொல்லிவிட்டாரா ஐயா?

என்னது? தானாக வழுக்கியதா? அவரா சொன்னார்? அவர் வாயாலா? கோபுரத்தில் நின்று அடித்த மனுஷன், கால் தவறி விழுந்தேன் என்று உங்களிடம் சொன்னாரா? நீங்கள் நன்றாகக் கேட்டீர்களா?

என் மேல் ஒரு குறையும் இல்லை என்றாரா? வேறு என்ன சொன்னார் ஐயா? சும்மா சொல்லுங்கள்.

"அவ எங்க போயிடப் போறா, நான் எந்திரிச்சு வீட்டுக்கு வந்தா அங்கதான இருக்கணும்" என்றாரா. சிரித்தாரா. அந்த வாயை வைத்துக்கொண்டு சிரித்தாரா.

பாசம் என்றா சொல்கிறீர்கள்? பாசம் இல்லை ஐயா அது. உங்களுக்குத் தெரியாது. அந்த நோட்டை மூடாதீர்கள். ஐயா, மூடாதீர்கள். லாரியே வரவில்லை. தண்ணீர் லாரியும் வரவில்லை, செங்கல் லாரியும் வரவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. நான்தான் இழுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி, என் பக்கம் இழுத்தேன். சாகட்டும் என்றுதான் இழுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பைத்தியம் இல்லை ஐயா. தூக்கம் கெட்டு உளறவில்லை. இந்த அக்காவிடம் கேளுங்கள், இவ்வளவு நேரம் இவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா, சொல்லுங்கள் அக்கா. ஏன் எழுந்து போகிறீர்கள்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஐயா, நில்லுங்கள். வீட்டுக்கு வேண்டாம். ஜீப்பில் பின்னால் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். நானும் வருகிறேன்.